பதினாலு செகண்ட் ரத்தம்

1. முதல் நாள், முதல் குத்து

ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த அன்று நான் செய்த முதல் வேலை, என் ரத்தத்தை நானே எடுத்துக்கொண்டதுதான். மதராஸிலிருந்து கப்பலில் வந்து போர்ட் பிளேரில் இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. நின்றால் தரை இன்னும் ஆடியது. சர்ஜன் டாக்டர் தாமோதரன் லேப் வாசலில் வந்து நின்றார்.

"புது ஆளா? பேரு?"

"சண்முகம் சார். கோவில்பட்டிப் பக்கம்."

"புரோத்ராம்பின் டைம் பாக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"கண்ட்ரோல் யாரு?"

முழித்தேன். நான் படித்த இடத்தில் கூடப் படிக்கிறவன் எவனாவது கையை நீட்டுவான். இங்கே லேபில் இருந்தது நான், ஒரு மேஜை, கண்ணாடிக் குழாய்கள், முனகிக்கொண்டே ஓடும் ஒரு ஃப்ரிட்ஜ். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் நல்லாத்தான இருக்க? எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாக வேண்டும் என்றால், அதற்கு வேண்டிய சரக்குகளில் பாதிக்கு மேல் கல்லீரல்தான் செய்து அனுப்பவேண்டும். அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் புரோத்ராம்பின் டைம். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் முயல் மூளையிலிருந்து செய்த பொடியின் கரைசலையும் கால்சியத்தையும் விட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்தி, எத்தனை செகண்டில் உறைகிறது என்று பார்க்கவேண்டும். பொடி பழசாகிவிட்டால் நல்ல ரத்தமும் நேரம் எடுக்கும். அதனால் நோயாளியின் ரத்தத்தோடு, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த ஆரோக்கியமானவருக்குப் பெயர்தான் கண்ட்ரோல்.

ரப்பர் குழாயை இடது புஜத்தில் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, வலது கையால் ஊசியைக் குத்தினேன். பதினாலு செகண்ட். மறுநாளும் பதினாலு. அடுத்த வாரமும் பதினாலு. வருஷக்கணக்கில் அப்படியே வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு 'சௌதா செகண்ட்' என்று பெயர் விழுந்துவிட்டது. சௌதா என்றால் இந்தியில் பதினாலு. பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லோரும் இந்தியில்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்த ஊர் அது. பட்டப்பெயரும் இந்தியில்தான் வரும். கேன்டீனில் டீ வாங்கப் போனால், "சௌதா செகண்ட் மே தேதோ இன்கோ" என்பார்கள். பதினாலு செகண்டில் டீ கொடுக்கச் சொல்லிக் கிண்டல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக் குடிப்பேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதன்மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. இனி எழுதப்போகும் தப்பு முழுக்க என்னுடையது.

2. கட்சாலிலிருந்து வந்த பேச்சாயி

எழுபதுகளின் முதல் பாதி. கட்சால் தீவில் அரசாங்கம் ரப்பர் தோட்டம் போட்டு, இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். அங்கிருந்து தீவுக் கப்பலில் ஒரு அம்மாவை அழைத்து வந்தார் அவர் புருஷன். அம்மா பெயர் பேச்சாயி, நாற்பது வயதிருக்கும். கண்டிப் பக்கம் தேயிலை பறித்தவர், இங்கே வந்து ரப்பர் பால் வெட்டக் கற்றுக்கொண்டவர். புருஷன் வேலு. ரொம்பப் பேசமாட்டார். பேசினால் சுருக்கமாகப் பேசுவார்.

"மூணு மாசமா மஞ்சளா இருக்கா ஐயா. ராப்பகலா சொறியிறா. தோட்டத்து டிஸ்பென்சரியில மாத்திர குடுத்தாங்க. கேக்கல."

பேச்சாயி உடம்பெல்லாம் நகக் கீறல். கண் நல்ல மஞ்சள். டாக்டர் தாமோதரன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார். கல்லீரலிலிருந்து பித்தம் குடலுக்கு வரும் குழாயில் கல் அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்றார்.

அதில் ஒரு சிக்கல். குடலுக்குப் பித்தம் வராவிட்டால் சாப்பாட்டில் இருக்கும் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது இல்லாமல் கல்லீரலால் அந்த உறையும் சரக்கைச் செய்யமுடியாது. அப்படிப்பட்ட ஆளின் வயிற்றைத் திறந்து, கல்லீரலை ஒட்டிக் கத்தி வைத்தால், ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். மாத்திரை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, அதுவும் பித்தம் இருந்தால்தான் சேரும். ஊசி போடவேண்டும்.

மருந்து ஸ்டோரில் வைட்டமின் கே ஊசி நாலே ஆம்பூல் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் எஞ்சின் கோளாறாகி அங்கேயே நின்றுவிட்டது. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப்போக்கு வந்தாலும் இதே ஊசிதான். கப்பல் தாமதமானால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கை தானாகச் சுருங்கிவிடும். கடைக்காரர் சர்க்கரையை ஒளிப்பார், ஸ்டோர்கீப்பர் பஞ்சை எண்ணுவார், நாங்கள் ஸ்லைடைக் கழுவிக் கழுவி உபயோகிப்போம். 'கப்பல் வரட்டும்' என்பதுதான் அந்த ஊரில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் என்று நினைக்கிறேன்.

டாக்டர் யோசித்துச் சொன்னார். "ஒரு ஆம்பூல் போடுவோம். மறுநாள் சண்முகம் டைம் பாக்கட்டும். கண்ட்ரோலவிட மூணு செகண்டுக்குள்ள இருந்தா மிச்சம் மூணையும் பிரசவ வார்டுக்கு வெச்சிட்டு ஆபரேஷன் பண்ணிடலாம். கூட இருந்தா, மூணையும் இந்தம்மாவுக்கே போட்டுட்டு ரெண்டு நாள் பொறுப்போம். குளிர் ஜுரம் வேற ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு மேல தள்ள முடியாது."

அதாவது, அந்த மூன்று ஆம்பூலும் பேச்சாயிக்குப் போகுமா போகாதா என்பது என் ஸ்டாப்வாட்சின் கையில் இருந்தது.

3. மூன்று செகண்ட்

அந்த வாரம் என் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மின்னி பே பக்கம்தான் எனக்குக் குவார்ட்டர்ஸ். கோடையில் அங்கே குழாயில் தண்ணீர் வராது. லாரித் தண்ணீரும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும்தான். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதி ஒட்டியவனே நான்தான். நான் காய்ச்சவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது, கப்பல் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எனக்குக் குமட்டியது. மீன் என்றால் உயிரை விடும் ஆள் நான். டீ கசந்தது. சிறுநீர் டீ நிறத்தில் போனது. வெயில், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறோம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் சிறுநீரைத் தினமும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். வேறு யாராவது அந்த நிறத்தில் கொண்டுவந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன்.

ஊசி போட்ட மறுநாள் பேச்சாயியின் ரத்தத்தை எடுத்தேன். என் ரத்தத்தையும் எடுத்தேன், வழக்கம்போல் ரப்பர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு. முதலில் கண்ட்ரோல்.

பதினெட்டு செகண்ட்.

என்னடா இது என்று மறுபடியும் வைத்தேன். பதினெட்டு.

இங்கேதான் நான் சறுக்கியது. ஒரு நிமிஷம்கூட என் ரத்தத்தை நான் சந்தேகப்படவில்லை. பொடியைத்தான் சந்தேகப்பட்டேன். போன கப்பலில் வந்த பொடி, நடுவில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்ற நாள்கள் வேறு. பொடி பழசாகிவிட்டது, அதனால் எல்லாமே நாலு செகண்ட் கூடக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். எது கெட்டுப்போனாலும் கப்பல் மேல் பழியைப் போட்டுப் பழகிய ஊர் அது. எனக்கும் அந்தப் பழக்கம் நன்றாக ஊறியிருந்தது.

பேச்சாயியின் ரத்தம் இருபத்தொரு செகண்டில் உறைந்தது. இருபத்தொன்றில் பதினெட்டு போனால் மூன்று.

வார்டு வராந்தாவில் டாக்டர் எதிரே வந்தார். "என்னய்யா, எவ்வளவு கூட?"

"மூணு செகண்ட்தான் சார்."

"சரி, அப்ப நாளைக்குக் காலைல எடுத்துடுவோம்."

கண்ட்ரோல் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. சண்முகம் என்றால் பதினாலு, கேட்க என்ன இருக்கிறது? நானும் சொல்லவில்லை. மூன்று ஆம்பூலும் ஸ்டோரிலேயே தங்கிவிட்டன.

4. நீளப் பெயர் மருந்து

மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்தது. உடனே வரவேண்டும், குழாய்கள் எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

கல்லை எடுத்தாகிவிட்டது. நெல்லிக்காய் அளவில் ஒரு கிண்ணத்தில் கிடந்தது. பித்தப்பையையும் எடுத்துவிட்டார். அது கல்லீரலில் ஒட்டியிருந்த இடம்தான் பிரச்சினை. இன்ன இடம் என்று சொல்லமுடியாமல் அந்தப் பரப்பு முழுக்க ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. தைக்கலாம் என்றால் தைக்க ஒரு ரத்தக்குழாய் கண்ணில் படவேண்டுமே. துணியை வைத்து அழுத்துவார், எடுப்பார், மறுபடி ஊறும். பக்கெட்டில் நனைந்த துணிகள் குவிந்திருந்தன.

"சண்முகம், கட்டி கட்டவே மாட்டேங்குதுய்யா. பாரு."

பேச்சாயியின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை சாய்த்துப் பார்க்கவேண்டும். பத்து நிமிஷம் ஆகியும் தண்ணீர்போல ஓடியது. அதற்கப்புறம் ஒரு கொழகொழப்பு வந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் யோசித்தது இப்படி. புரோத்ராம்பின் டைம் சரியாக இருக்கிறது என்று சண்முகம் சொல்லியிருக்கிறான். ஆகவே வைட்டமின் கே குறைவு காரணமில்லை. அப்படியானால் கட்டி உண்டாகிறது, உண்டாகிற வேகத்திலேயே உடம்பு அதைக் கரைத்துவிடுகிறது. கல்லீரல் ஆபரேஷனில் அப்படியும் நடக்கும். அதற்கென்று ஒரு மருந்தை அவர் மெயின்லேண்டுக்குப் போயிருந்தபோது கேட்டு வாங்கி வந்திருந்தார். எப்சிலான் அமினோ கேப்ரோயிக் ஆசிட். ஆறு ஆம்பூல். ஸ்டோரில் யாராலும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் 'லம்பா நாம்' என்று வைத்துவிட்டார்கள், நீளப் பெயர் என்று. "வெளிநாட்டுல கல்லீரலையே எடுத்துட்டு வேற கல்லீரல் வெச்சுப் பாக்கறாங்கய்யா. அந்த ஆபரேஷன்ல ரத்தம் நிக்காம ஓடறப்ப இதத்தான் குடுத்துப் பாக்கறாங்க" என்று அவர் சொல்லி நாங்கள் வாயைப் பிளந்திருக்கிறோம்.

"லம்பா நாம் எடுங்க. ரெண்டு ஆம்பூல், டிரிப்புல மெதுவா."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நாங்கள் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துணி நனைந்துகொண்டேதான் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் பிரஷர் இறங்குகிறது என்றார்.

"புது ரத்தம் வேணும். பி குரூப். சண்முகம், ஜீப்ப அனுப்பு" என்றார் டாக்டர். குரலில் பதற்றம் இல்லை. ஆனால் என்னை 'யா' போட்டுக் கூப்பிடவில்லை.

5. ஜன்னல் வெளிச்சம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் கிடையாது. ஊரே ரத்த வங்கி. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் எந்த குரூப், எங்கே இருப்பார் என்று எழுதி வைத்திருப்பேன். ஜீப் போய்க் கூட்டி வந்துவிடும். பி குரூப்பில் முதல் பெயர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய், ராமநாதபுரத்துக்காரர். இரண்டாவது பெயர் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள். மூன்றாவது நான்.

ஜீப் வருவதற்குள் என் பாட்டிலை எடுத்துவிடலாம் என்று ரத்தம் எடுக்கும் அறைக்கு ஓடினேன். அங்கே சிஸ்டர் எஸ்தர் இருந்தார். ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தமிழ் புரியும், பேசுவது இந்தி. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருப்பார்கள், நரம்பு தெரியவேண்டும் என்று. நான் படுத்துச் சட்டைக் கையை மடித்தேன். சிஸ்டர் ஊசியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சண்முகம் பாய், இதர் தேகோ."

அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆங்க் ஏக்தம் பீலா ஹை!"

என் கண் முழு மஞ்சளாக இருக்கிறதாம். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். லேபில் எனக்கு ட்யூப் லைட் மட்டும்தான். ஜன்னலில் வந்த வெயிலில் பார்த்தேன். வார்டில் நான் பார்த்த பேச்சாயியின் கண் என் முகத்தில் இருந்தது.

சோறு இறங்காதது, மீன் குமட்டியது, டீ நிறத்தில் சிறுநீர், பதினெட்டு செகண்ட், எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. என் கல்லீரல்தான் கெட்டிருக்கிறது. பொடி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அந்த அம்மாவின் நேரம் மூன்று செகண்ட் கூடுதல் இல்லை, ஏழு செகண்ட் கூடுதல். ஒரு நோயாளியின் ரத்தத்தை இன்னொரு நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது, நல்லதுதான் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு மஞ்சள் காமாலை என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பதினெட்டு யாருக்கும் தெரியாது. நான் வாயால் சொன்னது 'மூணு செகண்ட்', அது பொய்யும் இல்லை. பேச்சாயி பிழைக்காவிட்டால் கல்லீரல் ஆபரேஷன், கஷ்டமான கேஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். இதெல்லாம் இரண்டு மூச்சுக்குள் மனதில் ஓடியது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பிறகு எழுந்து ஓடினேன். தியேட்டருக்குள் போகவில்லை, கதவைக் கொஞ்சம் திறந்து அங்கேயே நின்று கத்தினேன். "சார், கண்ட்ரோல் தப்பு! எனக்கே காமாலை சார். என் டைம் பதினெட்டு. அந்தம்மாவுக்கு ஏழு செகண்ட் கூட!"

டாக்டர் நிமிரவில்லை. கை அசையாமல் துணியை அழுத்தியபடி இருந்தது. எனக்கு அந்த நேரம் நூறு செகண்ட் மாதிரி இருந்தது.

"ஏன் பதினெட்டுன்னு எங்கிட்ட சொல்லல?"

"பொடி பழசுன்னு நெனச்சேன் சார். கப்பல் வரல..."

"கப்பலா?" என்றார். ஒரே ஒரு தடவைதான். பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "லம்பா நாம நிறுத்துங்க. கட்டியே உண்டாகல, அப்புறம் அது எதக் காப்பாத்தும்? வைட்டமின் கே மூணையும் ஸ்டோர்லேருந்து கொண்டாங்க. நரம்புல, ரொம்ப மெதுவா. புது ரத்தம் எவ்வளவு கெடைக்குமோ அவ்வளவு. நான் துணிய வெச்சு அழுத்திக் கட்டிட்டு மூடறேன்." கடைசியாக என்னைப் பார்த்தார். "நீ போய்ப் படு. உன் ரத்தம் யாருக்கும் வேண்டாம்."

திட்டினாலும் அவ்வளவு வலித்திருக்காது.

வராந்தாவில் காதர் பாய் வந்துகொண்டிருந்தார். கழுத்தில் துணி அளக்கும் டேப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஜீப்பு வந்துச்சு, கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். எந்தக் கை வேணும் தம்பி?" என்றார். பின்னாலேயே கான்ஸ்டபிள். அன்றைக்கு அவர்கள் இருவரின் ரத்தமும் சூடு ஆறாமல் பேச்சாயிக்குள் போனது. வைட்டமின் கே வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டிய உறையும் சரக்கை அந்தப் புது ரத்தம் கொண்டுபோனது.

6. ஆண்கள் வார்டு, மூன்றாவது கட்டில்

என்னை ஆண்கள் வார்டில் போட்டார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாலை நாலு மணிக்கு சிஸ்டர் எஸ்தர் வந்து, "கூன் ருக் ரஹா ஹை" என்றார். ரத்தம் நின்றுகொண்டு வருகிறதாம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுததை அவர் பார்க்கவேண்டாம் என்றுதான்.

இரண்டு நாள் கழித்து, வயிற்றுக்குள் வைத்த துணியை எடுக்க மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை டாக்டர் லம்பா நாம் மிச்சமிருந்த ஆம்பூல்களில் இரண்டை முன்கூட்டியே டிரிப்பில் ஏற்றிவிட்டார். துணியை எடுக்கும்போது உண்டாகியிருக்கிற கட்டி கரைந்துவிடக்கூடாது என்பதற்காக. துணி ஈரமாக வந்தது, ரத்தம் ஊறவில்லை. அன்றைக்கு வார்டு ரவுண்டில் என் கட்டிலருகே நின்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வைட்டமின் கே கட்டிய உண்டாக்க வழி பண்ணும். லம்பா நாம் உண்டான கட்டியக் காவல் காக்கும். எது எப்பன்னு உன் குழாய்தான்யா எனக்குச் சொல்லணும்." மறுபடி 'யா' வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குக் கஞ்சி இறங்கியது.

வேலுவிடம் நானே போய்ச் சொன்னேன். என் தப்பால்தான் உங்கள் சம்சாரத்துக்கு இந்தப் பாடு என்று. அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் என் கட்டிலைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் ஒரு கொத்துக் கீழாநெல்லியை வேரோடு கொண்டுவந்து என் ஸ்டூலில் வைத்தார்.

"அரைச்சு மோர்ல குடிங்க" என்றார். "அவளுக்குத்தான் பறிச்சேன். டாக்டர் ஐயா அவளுக்கு வேணாம்னுட்டாங்க."

சிஸ்டர் எஸ்தர் அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். ஆனாலும் எனக்கு அது வந்து சேர்ந்தது.

பேச்சாயி எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு போய்ப் பார்த்தேன். கண்ணில் மஞ்சள் வடிந்திருந்தது. சொறி நின்றிருந்தது. நான் நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார். "தராசுல ஒத்தப் படிக்கல்ல வெச்சுக்கிட்டு நிறுத்திருக்கீங்க ஐயா. கல்லு தேஞ்சுபோனா யாரு சொல்றது? எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கையில நாங்க கங்காணியோட சண்ட போடுவோம், இன்னொரு கல்லக் கொண்டா, ரெண்டையும் வெச்சுப் பாருன்னு."

நான் கல்லூரியில் படித்துக் கற்காததை அந்த அம்மா கொழுந்துக் கூடையோடு நின்று கற்றிருந்தார்.

7. மூன்று குழாய்கள்

பேச்சாயிக்கு டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வந்தது. கட்சால் போகும் கப்பல் மறுநாள். மெயின்லேண்ட் கப்பலும் ஒருவழியாக வந்து, புதுப் பொடியும் இறங்கியிருந்தது. எனக்கு இன்னும் லீவுதான், ஆனால் அந்த ஒரு சோதனையை மட்டும் நான்தான் செய்வேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு லேபுக்கு வந்தேன்.

டாக்டர் தாமோதரன் லேப் வாசலில் வந்து நின்றார், என் முதல் நாளில் நின்ற அதே இடத்தில்.

"கண்ட்ரோல் யாரு?" என்றார்.

"இனிமே ஒரு ஆள் போதாது சார். ரெண்டு பேர் வேணும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "ஒண்ணு இந்தா." அத்தனை வருஷத்தில் அவர் கையில் நான் ஊசி குத்தியது அன்றைக்குத்தான். லேபுக்கு வந்திருந்த பேச்சாயியின் ரத்தம் எடுத்தேன். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, ரப்பர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு என்னுடையதையும் எடுத்தேன். மூன்று குழாய்களை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினேன்.

டாக்டர், பதிமூன்று செகண்ட். "பாத்தியா, உன்னவிட ஒண்ணு கம்மி" என்றார்.

பேச்சாயி, பதினாலு.

நான், பதினாறு.

டாக்டர் ரிப்போர்ட் நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே எழுதினார். கண்ட்ரோல் என்ற இடத்தில் தன் பெயரையும், அதற்குக் கீழே பேச்சாயி என்றும் எழுதினார். பேஷண்ட் என்ற இடத்தில் சண்முகம் என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த அம்மாவிடம், "உங்கள வெச்சுத்தாம்மா இவன அளந்திருக்கோம். இவனுக்கு இன்னும் பத்து நாள் ரெஸ்ட்" என்றார்.

பேச்சாயி என்னைப் பார்த்தார். "கொதிக்க வெச்ச தண்ணி குடிங்க ஐயா" என்றார். நான் ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டிய நோட்டீஸ் அது.

இப்போது சென்னையில் கல்லீரலையே மாற்றி வைக்கிறார்கள். ரத்தம் கட்டுவதை நிமிஷத்துக்கு நிமிஷம் கோடு போட்டுக் காட்டும் மெஷின் தியேட்டருக்குள்ளேயே நிற்கிறதாம். கட்டியைக் காக்கும் மருந்துகளும் பல வந்துவிட்டன. லம்பா நாம் பழசாகிவிட்டது. அந்த மெஷின்களின் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கண்ட்ரோலில் வழக்கமாக வராத எண் வந்தால், பொடியையும் கரண்டையும் கப்பலையும் குறை சொல்வதற்கு முன், நோயாளியின் எண்ணோடு அந்த எண்ணையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கு 'மூணு' என்று சொல்லாமல் 'பதினெட்டும் இருபத்தொண்ணும்' என்று சொல்லியிருந்தால், டாக்டர் வராந்தாவிலேயே நின்று, ஏன் பதினெட்டு என்று கேட்டிருப்பார்.

ரிட்டயர் ஆகும்வரை இரண்டு கண்ட்ரோல் இல்லாமல் நான் சோதனை வைத்ததில்லை. என் ரத்தம் மறுபடி பதினாலுக்கு வர இரண்டு மாதம் ஆனது. கேன்டீனில் பழையபடி 'சௌதா செகண்ட்' என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கட்சாலில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்வேன். அந்தப் பதினாலு இப்போது அவருடையது.